எலிதின்னி தூக்கி ஓடிய பானை

ஆஸ்பத்திரி மாமரத்தடி,
சிலிம்பா.
அக்டோபர் பதினெட்டு.

முபாங்காவின் அப்பாவுக்கு, உங்கள் வீட்டுக்காரி கசூபா எழுதுவது.

முதலில் தலைகளை எண்ணிச் சொல்லிவிடுகிறேன். பிறகு நிதானமாகப் படியுங்கள். நான் உயிரோடு இருக்கிறேன். மகள் முபாங்கா இருக்கிறாள். மருமகன் கபாசோவும் இருக்கிறான், இப்போது தூங்குகிறான். உங்கள் அக்கா நசாமா இருப்பது ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்கும். கோழிகளில் சிவப்புச் சேவல் மட்டும் இல்லை. அது போன கதை பின்னால் வருகிறது.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? செப்புச் சுரங்கத்தை விட்டு மேலே வந்ததும் வேர்வையோடு குளிர்ந்த தண்ணீர் குடிக்காதீர்கள் என்று போன கடிதத்திலும் எழுதினேன். கேட்டிருக்க மாட்டீர்கள். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆறு வற்றி ஐந்தாறு குட்டைகளாக நிற்கிறது. மாமரம் காய்த்துக் குலுங்குகிறது, ஆனால் குரங்குகள்தான் முதலில் ருசி பார்க்கின்றன.

இந்தத் தாள் நம் சுகாதாரக்காரன் ஜேரே கொடுத்தது. பின்பக்கம் செத்த நீர்யானைப் படமும் அதன் மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறியும் இருக்கும். கண்டு பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டிய நாட்கள் முடிந்துவிட்டன. இதைக் கொண்டுவருகிற லாரிக்காரன் தன் வாயால் வேறு கதை சொல்லுவான். உன் பெண்டாட்டி மருமகன் விருந்தில் சுகாதாரக்காரனை அகப்பையால் அடித்தாள் என்பான். நான் அடிக்கவில்லை. ஓங்கினேன், அவ்வளவுதான்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

கபாசோ நம் வீட்டு மருமகனாக வந்து இரண்டு வருஷம் முடிந்தது. நம் வயலுக்கு மரம் வெட்டினான், தானியக் குதிர் கட்டினான், கூரை மாற்றினான். நல்ல பையன். நான் வருகிற பாதையில் வந்துவிட்டால் புதருக்குள் பாய்ந்துவிடுவான். நானும் மரியாதைப்பட்டவள்தானே, முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆக இரண்டு வருஷமாக நான் கண்டதெல்லாம் அவன் முதுகும் குதிகாலும்தான். அவன் சாப்பாடுகூட உங்கள் அக்கா வீட்டு அடுப்பில்தான். அடுப்பு காட்டும் விருந்து வைத்தால்தானே மாமியார் சமைத்ததை மருமகன் தொடலாம், முகம் பார்த்துப் பேசலாம். இந்த வருஷம் சோளம் நன்றாக விளைந்தது. விருந்தை வைத்துவிடுவோம் என்று நசாமாவும் நானும் நாள் குறித்தோம். விடுப்பு கிடைக்காது என்று நீங்கள் எழுதியபோது எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் போய்விட்டது.

கறிதான் கிடைக்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் ஈ கடித்து மாடு நிற்காது. வேட்டைக்குப் போனால் வனக்காவலர்கள் விலங்கு மாட்டுவார்கள். கோழி இருந்தது. ஆனால் உங்கள் அக்கா வாயை மூடுவாளா? நமக்கு விருந்து வைத்த நாளில் என் அம்மா காட்டெருமைக் கறி போட்டதை இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். “என் தம்பி மாமியார் வீட்டுல எருமைத்தொடை தின்னவன். இந்தப் பையன் பாவம், கோழிச் சிறகைச் சப்பிட்டுப் போகட்டும்” என்றாள். என்னிடம் இல்லை, கிணற்றடியில் எல்லோர் முன்னாலும் வாளியிடம் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அந்த ரோஷத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

விருந்துக்கு எட்டு நாள் இருக்கும்போது ஆற்று வளைவில் மூன்று நீர்யானைகள் செத்து மிதந்தன. யாரும் சுடவில்லை, ஈட்டி எறியவில்லை. ஒவ்வொன்றும் ஒரு வீட்டுப் பெருசு. கேட்டவுடன் ஊரே கத்தியும் கூடையுமாகக் கிளம்பியது.

அப்போதுதான் ஜேரே சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் ஒரு கட்டுத் தாள், இந்தப் படம் போட்டதுதான். ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னான். “யாரும் தொடாதீங்க. அடைப்பான் நோயில செத்த மிருகம் அது. மூக்குல ரத்தம் கட்டாம வடியுது பாருங்க. அந்தக் கிருமி மண்ணுல பல வருஷம் தூங்கும். ஆறு வத்தினா நீர்யானை புல்லை வேரோட பிடுங்கித் தின்னுது, மண்ணும் சேந்து உள்ள போகுது. தோலைக் கிழிச்சீங்கன்னா கிருமி முட்டைக்கு ஓடு போட்ட மாதிரி ஓடு போட்டுக்கும். அப்புறம் அதுக்குச் சாவே கிடையாது. உங்களுக்கு உண்டு” என்றான்.

ஊர் வயிறு குலுங்கச் சிரித்தது. வேறென்ன செய்யும்? அவன் ங்கோனி இனம், நாம் பிசா இனம். அவர்கள் தாத்தாவும் நம் தாத்தாவும் ஈட்டியால் குத்திக்கொண்டதற்குப் பரிகாரமாகத்தானே நாம் இன்றைக்கு நாக்கால் குத்திக்கொள்கிறோம். அவன் எலிதின்னி, நாம் குரங்குதின்னி. எதைச் சொன்னாலும், எதைப் பறித்துக்கொண்டு ஓடினாலும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டவர் கோழி கொடுக்க வேண்டும். நீங்களே போன வருஷம் அவன் சர்க்கார் தொப்பியைப் பறித்துத் தலையில் போட்டுக்கொண்டு லாரி ஏறிவிட்டீர்கள். இரண்டு வருஷமாக அவன் நம்மிடம் சொன்னதில் எது விளையாட்டு இல்லை? போன மாசம்தான் சிங்கத்துக்குத் தடுப்பூசி போடணும், பிசாக்காரங்க வந்து பிடிச்சுக் குடுங்க என்று பெயர் எழுதிக்கொண்டு போனான். அதனால் இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டோம். “மூணு நீர்யானையையும் தனியாத் தின்னப் பாக்குறான் எலிதின்னி” என்று முதலில் சொன்னது யார் தெரியுமா? நான்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அவன் சிரிக்கவில்லை. எனக்கு அது நடிப்பாகத் தெரிந்தது.

அவன் அடுத்த ஊருக்குப் போனதும் நான் முற்றத்தில் நின்று உரலிடம் பேசினேன். “உரலே, ஆத்துல கறி கிடக்குது. வீட்டுல நல்ல கத்தி கிடக்குது. கை இருக்குற ஆம்பளைதான் ஊர்ல இல்ல” என்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் கபாசோ விறகு பிளந்துகொண்டிருந்தான். கோடரிச் சத்தம் நின்றது. நான் உங்கள் அப்பா உங்களுக்குக் கொடுத்த கத்தியை உரல் மேல் வைத்துவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தபோது கத்தி இல்லை. வெயில் தாழ்வதற்குள் ஒரு பெரிய தொடைத் துண்டு வாசலில் கிடந்தது. எனக்கு வந்த பெருமையைச் சொல்ல முடியாது. நசாமா வீட்டுப் பக்கமாக அதை இரண்டு தடவை தேவையில்லாமல் தூக்கிக்கொண்டு நடந்தேன். அப்புறம் கீற்றாக அரிந்து விருந்து நாள்வரை கெடாமல் புகையில் காயவைத்தேன்.

வழக்கப்படி அந்த வாரம் முழுக்க முபாங்கா என்னோடு இருந்தாள். பெண்கள் கூடி அவளுக்குப் பாட்டும் பாடமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கபாசோ தனியாக இருந்தான். அவன் முன்கையில் விறகுச் சிராய்ப்பு இருந்ததும், நாலாம் நாள் அந்த இடத்தில் சின்னக் கொப்புளம் வந்து அரித்ததும், அது உடைந்து கறுத்ததும் யாருக்கும் தெரியாது. சிலந்தி கடித்திருக்கும் என்று இருந்துவிட்டானாம். யாரிடம் சொல்வான்? பெண்டாட்டி பெண்களுக்கு நடுவில். மாமியாரிடம் வாய் திறக்கக் கூடாது. மாமியாரும் அவனைப் பார்க்கக் கூடாது. பத்தடி தூரத்தில் ஒரு வாரம் நடமாடியவன் கையை நான் பார்க்கவில்லை. மரியாதை.

விருந்து நாள் வந்தது. பதினொரு பானை. களி, கடலைத் துவையல், பூசணிக்கீரை, உலர்மீன், கோழி, சோளக் கள், எல்லாவற்றுக்கும் நடுவில் என் அம்மாவின் பெரிய மண்பானையில் நீர்யானைக் குழம்பு. தலையில் சுமந்து பாடிக்கொண்டு போனோம். கபாசோ பாயில் தலையோடு போர்வை மூடி உட்கார்ந்திருந்தான். பானைகளை அவன் முன் இறக்கினோம். நசாமா குலவையிட வாயைக் குவித்தாள்.

சைக்கிள் மணி கேட்டது. ஜேரே உள்ளே ஆடிக்கொண்டே நுழைந்தான். “குரங்குதின்னிங்களா, என்ன வாசனை இது? ஆத்துல செத்துக் கிடந்த கிழவியைக் குழம்பு வச்சிட்டீங்களா?” என்றான். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பானைகளை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தான். “கோழி, சீ. கீரை, ஆட்டுக்கா போடுறீங்க? ஆகா, இது எனக்கு. எலி தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு” என்று சொல்லி என் அம்மாவின் பானையை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

நாங்கள் சிரித்துக்கொண்டே துரத்தினோம். எப்போதும் ஒரு சுற்று ஓடிவிட்டுத் திருப்பிக் கொடுப்பான், ஒரு குவளை கள் கேட்பான். இந்த முறை அவன் நேரே வயல் ஓரத்துக்கு ஓடினான். அங்கே அவனே வெட்டி வைத்த ஆள் உயரக் குழி. பானையோடு உள்ளே போட்டான், மண்ணெண்ணெய் ஊற்றினான், தீக்குச்சி கிழித்தான்.

சிரிப்பு நின்றது. அம்மாவின் பானை வெடிக்கிற சத்தம் கேட்டது. நான் அகப்பையை ஓங்கிக்கொண்டு அவன் மேல் பாய்ந்தேன். நசாமா என் கையைப் பிடித்தாள். “என்னடி, கோபமா? கோபம்னா கோழி. எல்லாரும் பாத்தாச்சு. சேவலைப் பிடிங்க” என்றாள். அவளுக்கு வழக்கம் முக்கியம், நான் எரிந்தாலும் பரவாயில்லை. சேவல் அப்படித்தான் போனது. இன்றைக்கு யோசிக்கிறேன், வேறு யார் அதைச் செய்திருந்தாலும் உயிரோடு போயிருக்க முடியாது. போலீஸ்காரன் பானையைத் தொட்டிருந்தால் ஊரே கல்லெடுத்திருக்கும். எலிதின்னி தொட்டால் மட்டும்தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அவன் அதோடு விடவில்லை. விருந்துக்குத் திரும்பி நடந்தான். “மாப்பிள்ளை மனுஷனா குரங்கான்னு பாத்துட்டுப் போயிடுறேன்” என்று போர்வையை உருவினான். நான் தலையைக் குனிந்துகொள்ள, மற்றவர்கள் கபாசோவின் முகத்தைப் பார்க்க, ஜேரே அவன் கையைத்தான் பார்த்தான். ஆற்றங்கரையில் தொடை வெட்டியது யார் என்று விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறான். முன்கையில் அடுப்புக்கரித் துண்டை ஒட்டவைத்த மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் முழங்கை வரை வீங்கி மினுமினுத்தது. “வலிக்கலையே” என்றான் கபாசோ. “வலிக்காததுதான்டா இதோட தந்திரம்” என்றான் ஜேரே. ஒரு ங்கோனி சிரிப்பை நிறுத்தியதை அன்றைக்குத்தான் முதல் தடவை நம்பினேன்.

சைக்கிள் பின்னால் உட்காரவைத்து மணலில் தள்ளிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். பெனிசிலின் ஊசி ஆரம்பித்தார்கள். கறி வெட்டினவர்கள், தின்றவர்கள், அலசினவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று மாத்திரை வாங்கினார்கள். நானும் உப்புப் பார்க்கிறேன் என்று இரண்டு கரண்டி குடித்தவள். பத்து நாள் மாத்திரை. ஒன்றும் ஆகவில்லை. இன்னும் இரண்டு பேருக்குக் கையில் பொருக்கு, சரியாகி வருகிறது. உங்கள் அக்கா வீட்டுப் பரணில் காயவைத்திருந்த கறியையெல்லாம் ஜேரே குழியில் போட்டான். வாளியிடம் சொல்ல அவளுக்கு அன்றைக்கு ஒன்றும் இல்லை.

இரண்டாம் நாள் கபாசோவின் வீக்கம் தோளைத் தாண்டிக் கழுத்துக்கு வந்தது. காய்ச்சல் கொதித்தது. நர்ஸ் முகம் சரியில்லை. அந்த நேரத்தில் அவன் எழுந்து செருப்பைத் தேடுகிறான். “மாமியார் வெளியே உக்காந்திருக்க நான் இங்க மல்லாந்து கிடக்குறது அசிங்கம். விருந்தையும் கெடுத்தாச்சு. என் மாமா ஊருக்குப் போறேன், அங்கே மருந்து வேர் இருக்கு” என்றானாம். முபாங்கா காலைக் கட்டிக்கொண்டாள். ஜேரே வந்து “ஊசியை விட்டுட்டுப் போனா பாதி வழியில செத்துடுவே” என்றான். கபாசோ சிரித்தானாம். “எலிதின்னி பேச்சை எவன் நம்புவான்” என்றானாம். ஜேரே வெளியே வந்து மாமரத்தில் தலையைச் சாய்த்து நின்றான். “என் வாயிலேர்ந்து வந்தா சாவுகூட ஜோக்காயிடுது அக்கா” என்றான்.

நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, மரத்தடியில் மேய்ந்த கோழியிடம் சொன்னேன். “கோழியே, உள்ள இருக்கிறவர்கிட்ட சொல்லு. ஊசி இன்னும் பாக்கி இருக்கு, படுக்கச் சொல்லு.” உள்ளேயிருந்து அவன் விளக்கிடம் சொன்னான். “விளக்கே, வெளியே இருக்கிறவங்ககிட்ட சொல்லு. மரியாதை போன பிறகு உயிர் எதுக்கு.” பேச்சே மூச்சிரைக்க வந்தது. கட்டில் கிறீச்சிட்டது. அவன் எழுந்துவிட்டான்.

முபாங்காவின் அப்பா, நான் உள்ளே போய்விட்டேன். நசாமா “ஐயோ, கசூபா, கூடாது” என்று அலறியது கேட்டது. போய் அவன் எதிரே நின்று, முகத்தைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்துக் கட்டிலில் தள்ளினேன். “கபாசோ, படு. கறிக்கு ஆசைப்பட்டது நான். கத்தியை எடுத்து வச்சது நான். ஜேரே சொன்னப்ப முதல்ல சிரிச்சதும் நான்தான். நீ போயிட்டா என் மகள் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? எனக்கு உன் மரியாதை வேண்டாம்யா. நீ வேணும்” என்றேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. சுவரைப் பார்த்தபடியே “சரிம்மா” என்றான். இரண்டு வருஷத்தில் என்னிடம் அவன் பேசிய முதல் வார்த்தை.

அப்புறம் அவன் செருப்பை நான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் வீக்கம் அதே இடத்தில் நின்றது. நாலாம் நாள் கழுத்து தெரிந்தது. ஐந்தாம் நாள் பசிக்குது என்றான். ஜேரே நம் சிவப்புச் சேவலைக் காலைக் கட்டி சைக்கிளில் தொங்கவிட்டுக் கொண்டுவந்தான். “இதைத் தின்னா நானும் குரங்குதின்னியாயிடுவேன், நீங்களே வச்சுக்குங்க” என்றான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மூன்று கல் வைத்துச் சாறு காய்ச்சி, கூடவே களி கிண்டி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் கடைசி உருண்டை வரை தின்றான். ஜேரே எழுந்து நின்று “அடுப்பு காட்டியாச்சு” என்று அறிவித்தான். பதினொரு பானை எங்கே, பாட்டு எங்கே, இதெல்லாம் செல்லாது என்று நசாமா ஒரு மணி நேரம் வாதாடினாள். கடைசியில் அவளே குலவையிட்டாள். நர்ஸ் வந்து எல்லோரையும் வெளியே துரத்தினாள்.

கபாசோவுக்கு ஒரு முன்பல் பாதி உடைந்திருக்கிறது, தெரியுமா? சிரித்தால் அழகாகவே இருக்கிறது. உங்கள் மகள் இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொருக்கு இன்னும் இரண்டு வாரத்தில் உதிருமாம். தழும்பு நிற்கும். நிற்கட்டும்.

ஊரில் கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். ஜேரே சர்க்கார் தொப்பி போட்டுக்கொண்டு சொன்னால் வேலைப் பேச்சு, ஊர் கேட்க வேண்டும். தொப்பி இல்லாமல் சொன்னால் விளையாட்டு, திருப்பித் திட்டலாம். எல்லோருக்கும் பிடித்துப்போனது. அப்புறம்தான் தொப்பி உங்கள் தலையில் இருப்பது ஞாபகம் வந்தது. இப்போதைக்கு என் முறத்தைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறான். பார்க்கச் சகிக்கவில்லை.

அதனால் மழை இறங்குவதற்குள் எப்படியாவது விடுப்பு வாங்கிக்கொண்டு வாருங்கள். நசாமா விருந்தை மறுபடியும் பதினொரு பானையோடு வைத்தே தீருவாளாம். பெரிய கறி வேண்டாம், கோழிச் சிறகே போதும் என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். தொப்பியை மறக்காமல் கொண்டுவாருங்கள். ஜேரேயிடம் நன்றி என்று மட்டும் சொல்லிவைக்காதீர்கள். நான் சொல்லிப் பார்த்தேன், எழுந்து ஓடிவிட்டான். நல்ல வசவாக ஒன்று யோசித்துக்கொண்டு வாருங்கள், இதுவரை யாரும் திட்டாததாக. அவனுக்கு அது புரியும்.

உங்கள் அப்பா கொடுத்த கத்தியை அந்தக் குழியிலேயே போட்டு மூடிவிட்டேன். வாருங்கள், மருமகன் முகத்தைப் பாருங்கள், சேர்ந்து சாப்பிடுங்கள். கத்தி எங்கே என்று மட்டும் அவன் முன்னால் என்னைக் கேட்காதீர்கள்.

முன்னோர் உங்கள் தலைக்கு மேலே இருக்கிற பாறையைத் தாங்கிப் பிடிக்கட்டும்.

உங்கள் கசூபா,
முபாங்காவுக்கும் கபாசோவுக்கும் அம்மா.